மிருதுளா எழுதிய பத்து மதிப்பெண் கட்டுரை

ஒரு காட்டில் மிருதுளா என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல வேண்டாம். பிறந்த அன்று அவள் மிருதுவாகத்தான் இருந்தாள்.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படித்தாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு, அறிவியலில் தொண்ணூற்றாறு. தமிழில் மட்டும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று தேர்ச்சியின் வாசல்வரை போய்விட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வருவாள். அவளுக்கு டாக்டராக ஆசை. ஊசிக்கு வெளியே அலைய வேண்டியதில்லை என்பதால் காட்டில் எல்லோரும் அதை நியாயமான ஆசை என்றே ஒத்துக்கொண்டார்கள். ஆனால் டாக்டராக வேண்டுமென்றால் பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் கிடைக்க வேண்டும். முதல் குரூப் கிடைக்கத் தமிழில் முப்பத்தைந்து மதிப்பெண்ணாவது வாங்க வேண்டும். வாங்காவிட்டால் தையல் குரூப்.

“அதுலயும் ஊசிதானேடி?” என்று அம்மா ஆறுதல் சொன்னாள்.

மிருதுளாவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. இரண்டு நாள் சிலிர்த்துக்கொண்டே திரிந்தாள். வீட்டில் யாரும் பக்கத்தில் போகவில்லை.

அந்த வருடம் பார்த்துத் தமிழ்த் துணைப்பாடத்தில் ஒரு புது நாவலை வைத்தார்கள். பெயர் ‘மணியடிக்கும் நாடு’. அதைப் பற்றிய கட்டுரைக்குப் பத்து மதிப்பெண். கற்பனை நாவல் என்பதால் அதில் மனிதர்கள் எல்லாம் பேசுவார்கள். அந்த நாட்டில் மணி அடித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும், மறுபடி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். வாசலுக்கு வாசல் கேமரா. ‘ஏன்’ என்று கேட்பது குற்றம்.

தமிழாசிரியர் கொக்கு வைத்தியலிங்கம் அந்த நாவலைப் படிக்கவில்லை. நோட்ஸ் வந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தார். நோட்ஸ் போடுகிற அச்சகத்தில் கரையான் புகுந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

“அதுவரைக்கும் யாரும் நாவலைத் தொடாதீங்க” என்று அவர் வகுப்பில் எச்சரித்தார். “நேரடியாப் படிச்சா உங்களுக்கா ஏதாவது புரிஞ்சு தொலையும். அப்புறம் அதை அழிக்கிறது ரொம்பக் கஷ்டம்.”

எல்லோரும் நல்ல பிள்ளைகள், தொடவில்லை. மிருதுளாவுக்கு மட்டும் தோற்றுவிடுவோமோ என்று பயம். பயத்தில் முழு நாவலையும் ஒரே மூச்சில் படித்துவிட்டாள். அதில் பொன்னையா என்று ஒரு மனிதன், மணி அடிக்காதபோது சிரித்து மாட்டிக்கொள்கிறான். கடைசிப் பக்கத்தில் அவனும் நேரத்துக்குச் சிரிக்கப் பழகிவிடுகிறான். அந்த இடத்தில் மிருதுளா தேம்பித் தேம்பி அழுதாள். துடைத்துவிட வந்த தம்பிக்குக் கையில் மூன்று முள் ஏறியது.

அரையாண்டுத் தேர்வில் அதே நாவல் வந்தது. வகுப்பே பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மிருதுளா எழுதினாள். கொக்கு ஐயா சொல்லிக்கொடுத்த முறை எதையும் விடவில்லை. முன்னுரை, முடிவுரை, நடுவே உட்தலைப்புகள், உட்தலைப்புக்கெல்லாம் அடிக்கோடு. பயன்கள் என்று ஒரு தலைப்பு இல்லாவிட்டால் ஐயா ஒரு மதிப்பெண் குறைப்பார். பசுவைப் பற்றி எழுதினாலும் பயன்கள் வேண்டும், புயலைப் பற்றி எழுதினாலும் வேண்டும். வேறு வழியில்லாமல் அவளும் எழுதினாள்:

‘எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிப்பதால் நேரம் மிச்சமாகிறது. கேள்விகள் இல்லாததால் பதில் சொல்வோருக்கு ஓய்வு கிடைக்கிறது. வாசல்தோறும் கேமரா இருப்பதால் வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை.’

எழுதும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது. அதனால் முடிவுரையின் கடைசி வரியில், ‘இப்படி ஒரு நாடு எங்கும் எப்போதும் வரக்கூடாது’ என்று அழுத்தி எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். தாளில் ஓட்டை விழுந்தது.

கொக்கு ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்துக்குப் பத்து போட்டு, தாளைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். தலைமையாசிரியர் பரசுராமன் ஒரு கரடி. விடைத்தாளில் அடிக்கோடு போட்டதை மட்டும்தான் படிப்பார். முப்பது வருட சர்வீசில் அடிக்கோடு இல்லாத ஒரு வாக்கியத்தை அவர் பார்த்ததே கிடையாது.

“மணியால் வந்த ஒழுங்கு” என்று வாசித்தார். “கேள்வியில்லா வாழ்வு. வாசல்தோறும் கேமரா. மணியின் பயன்கள்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வைத்தியலிங்கம், இவ்வளவு நல்ல யோசனை எல்லாம் ஒரு நாவல்ல இருக்கா? இத்தனை நாளா இதை ஏன்யா நாம செய்யல?”

பள்ளிக்கூடத்தில் ‘ஏன்’ என்று கடைசியாகக் கேட்கப்பட்டது அப்போதுதான்.

திங்கட்கிழமையே சுற்றறிக்கை வந்துவிட்டது. பதினொன்றேகாலுக்குச் சிரிப்பு மணி. மைதானத்தில் எல்லோரும் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் சிரித்தார்கள். கழுதைப்புலி பாவம், அதற்கு நேரம் காலம் பார்த்துச் சிரிக்கத் தெரியாது. மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனது. உத்தரவைப் படித்தபோது அதற்குச் சிரிப்பு வந்துவிட, இன்னும் மூன்று நாள் சேர்ந்தது. தண்ணீர்த் தொட்டி காலியாகக் கிடந்தால், ‘ஏன் தண்ணி இல்ல?’ என்று கேட்க முடியாது. ‘தண்ணி இல்ல, ரொம்ப சந்தோஷம்’ என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கேமராவை உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க ஒட்டகச்சிவிங்கி வைக்க வசதியில்லாத பள்ளி என்பதால் அதைக் கொடிக்கம்பத்தில் கட்டினார்கள்.

மிருதுளா பதறிப்போய்க் கொக்கு ஐயாவிடம் ஓடினாள்.

“ஐயா, அந்த நாவல் இதெல்லாம் கூடாதுன்னு சொல்லுது. நானும் கடைசி வரியில அதைத்தான் எழுதியிருக்கேன்.”

“அதுக்கு அடிக்கோடு போட்டியா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்புறம் எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார் ஐயா, நிஜமான வருத்தத்தோடு.

நோட்ஸ் வரவே இல்லை. ஐயாவே மிருதுளாவின் கட்டுரையை மாதிரி விடையாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். ஒரே பக்கத்தில் அடக்க வேண்டியிருந்ததால் கடைசி வரி தாளுக்கு வெளியே போய்விட்டது. அதை யாரும் தேடவில்லை. முதல் பெஞ்ச் கிளி சுபாஷினி ஒரே மத்தியானத்தில் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

“கடைசியில பொன்னையாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?” என்று மிருதுளா கேட்டாள்.

“அது முன்னுரையில இருக்கா, உட்தலைப்புல இருக்கா?”

“நாவல்ல இருக்கு.”

“அப்ப வேண்டாம்பா, குழப்பிக்காத” என்று சுபாஷினி மறுபடி முன்னுரையிலிருந்து ஆரம்பித்தாள்.

முழு ஆண்டுத் தேர்வு வந்தது. அதே கேள்வி. நாற்பத்திரண்டு பேரும் ஒரே வேகத்தில் எழுதி ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்பினார்கள். மிருதுளாவும் எழுதினாள். அவளுடைய கட்டுரைதானே, அப்படியே வந்தது. கடைசி வரியும் சேர்ந்து வந்தது.

முடிவு ஒட்டினார்கள். தமிழில் அவளுக்கு முப்பத்துநான்கு. கட்டுரைக்குப் பத்துக்கு நான்கு. அவள் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள். கொக்கு ஐயாவும் அங்கேதான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

“மாதிரி விடையில இருபத்திரண்டு வரி. நீ இருபத்துமூணு எழுதியிருக்க” என்றார் ஐயா. “ஒரு வரி கூடினாலும் மொத்தத்தையும் சொந்தக் கருத்துன்னு எடுத்துக்கணும். சொந்தக் கருத்துக்கு மதிப்பெண் கிடையாது. அந்த நாலு உன் கையெழுத்துக்கு.”

“ஐயா, அந்த மாதிரி விடையே நான் எழுதினதுதான்.”

“அது இன்னும் கேவலம்மா. நீ எழுதினதையே நீ ஒழுங்காப் படிக்கல.”

கரடி சாருக்கு இளகிய மனசு. மறுமதிப்பீட்டு விண்ணப்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்று பிரதி. பெயர், வகுப்பு, வாலின் நீளம் எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசிக் கட்டத்தில், ‘விடை மாதிரி விடையோடு ஒத்திருக்கிறது / ஒத்திருக்கவில்லை. மாதிரி விடை தயாரித்தவர் கையொப்பம்’ என்று இருந்தது.

“தயாரிச்சவங்க யாரு? கூப்பிடுங்க” என்றார் கரடி சார்.

“நான்தான் சார்.”

“நல்லதாப் போச்சு, அலைச்சல் மிச்சம். ரெண்டையும் பார்த்துட்டு ஒரு டிக் போடு.”

மிருதுளா ஜெராக்ஸையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வரி அச்சு அசலாக ஒன்று. இருபத்துமூன்றாவது வரி அவளுடைய தாளின் அடியில் தனியாக நின்றது.

“ஒரு வரி கூட இருக்கு சார்” என்றாள் மெதுவாக.

“அந்த வரி இல்லேன்னா?”

“ஒத்திருக்கும் சார்.”

கரடி சார் பேனாவை அவள் பக்கமாகத் தள்ளினார். கொக்கு ஐயா ஜன்னல் வழியாக எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

அந்த வரி ஒன்றுதான் மிருதுளா யோசித்து எழுதியது. மற்றதெல்லாம் மதிப்பெண்ணுக்காக எழுதியது. டாக்டர் கோட்டில் தன் முட்களுக்கு எத்தனை ஓட்டை வேண்டியிருக்கும் என்றுகூட அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தையல் குரூப்பை நினைத்தாள். வரியை இன்னொரு தரம் வாசித்தாள். மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து வரியின் மேல் வைத்து ஒரே கோடாக அடித்தாள். ‘ஒத்திருக்கிறது’ என்பதில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

கொக்கு ஐயா தாளை வாங்கி அலகால் வரிகளை எண்ணினார். இருபத்திரண்டு.

“பத்துக்குப் பத்து” என்றார். பிறகு அடித்த இடத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, “அடடா, எவ்வளவு நேரா அடிச்சிருக்கா பாருங்க சார். இதுக்கு ஒண்ணு சேர்த்துப் போடுறேன்” என்றார். ஆக நாற்பத்தொன்று.

சாயங்காலமே முதல் குரூப் பட்டியலில் அவள் பெயரை மூன்றாவதாக எழுதி ஒட்டினார்கள்.

நீதி: மனசில் பட்டதை எழுதிவிட்டு அப்புறம் அடிக்க நேர்ந்தால், வெறுங்கையால் கிறுக்காமல் ஸ்கேல் வைத்து அடிக்கவும். சுத்தத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண் உண்டு.