ஒருக்களித்துப் படுக்க மறுப்பது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், வலது முழங்கை மட்டும் நலமில்லை. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் நீ விட்ட இரண்டு ஒற்றுப்பிழைகளை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை என் மகன், அதாவது உன் செல்ல மருமகன், என் இரட்டைக் கட்டிலை அப்புறப்படுத்திவிட்டு இருபுறமும் கம்பி வைத்த ஒற்றைக் கட்டில் போடப் போகிறான். எழுபத்தாறு வயதில் எனக்குத் தொட்டில்! முப்பது வருடம் வக்கீலாக இருந்தவன் நீ. வந்து தடுக்க வேண்டும்.

எல்லாம் நெஞ்செரிச்சலில் ஆரம்பித்தது. டாக்டர் சின்னப் பெண். "எப்படிப் படுப்பீங்கம்மா?" என்றாள். "நேரா" என்றேன். "மல்லாந்தா?" "ஒழுங்கா." கான்வென்ட் விடுதியில் கால்களைச் சேர்த்து, கைகளைப் போர்வைக்கு மேலே வைத்து, மல்லாந்து படுக்கப் பழகியவள் நான், ஒருக்களித்தவளின் முழங்காலை சிஸ்டர் ஸ்கேலால் தட்டுவார். அன்றிலிருந்து என் விரிப்பில் காலையில் ஒரு சுருக்கம் இருந்ததில்லை. அந்தப் பெண்ணோ, "இனிமே இடது பக்கமா திரும்பிப் படுங்க. எரிச்சலும் குறையும், குறட்டையும் குறையும்" என்கிறாள். குறட்டை என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. மருமகள்தான் எடுத்திருக்கிறாள். "பக்கத்து வீட்டுல மிக்ஸி ரிப்பேரான்னு கேக்குறாங்க அத்தை" என்று அங்கேயே விளக்கமும் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகன் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று, கட்டிக்கொள்ள ஒன்று என்று அடுக்கினான். கண்ணாடிச் சாமான் பார்சல் மாதிரி கிடந்தேன். அதையும் மீறி நான் மல்லாந்துவிட, மருமகள் என் நைட்டியின் முதுகில் பை தைத்து ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டாள். "இது யார் குடுத்த யோசனை?" என்றேன். "நீங்கதான். மாமா பனியன்ல தச்சதாச் சொன்னீங்களே." உண்மைதான், உன் அத்தானை நாற்பது வருடம் அப்படித்தான் ஒருக்களிக்க வைத்தேன். ஆனால் அவர் விட்டது குறட்டை. நான் விடுவது மூச்சு.

பந்து உறுத்தியதால் திரும்பினேன். ஆனால் வலது பக்கம். "இடது பக்கம்னுதானேம்மா சொன்னாங்க?" என்றான் மகன். "எனக்கு எது வசதின்னு எனக்குத் தெரியும்" என்றேன். வலது பக்கம் கட்டிலின் ஓரம். மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர்ச் சொம்பு, மூக்குக்கண்ணாடி, வாரப் பத்திரிகை, நான் என்ற வரிசையில் தரைக்கு வந்தோம். பந்து மட்டும் பையிலிருந்து கழன்று கூடம்வரை போயிற்று. அன்று மாலையே தொட்டிலுக்குச் சொல்லிவிட்டான்.

ஏன் இடது பக்கம் திரும்பவில்லை என்று நீயும் கேட்பாய். அது உன் அத்தான் படுத்த பக்கம். மூன்று வருடமாக அங்கே விரிப்பு கசங்காமல் கிடக்கிறது. அதைப் பார்த்தபடி படுப்பதற்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது மேல். இதை மகனிடம் சொல்லாதே. அக்கா கடைசிவரை மல்லாந்துதான் படுப்பாள், கட்டிலைத் தொடாதே என்று சொல், போதும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசி, கையெழுத்து திருந்தினால் இன்னும் கூடுதலாக.

உன் அக்கா

பின்குறிப்பு: உறை தேடும் நேரத்தில் சற்றுச் சாய்ந்தேன். ஐந்து மணிக்கு மருமகள் உலுக்கி எழுப்பினாள். "சத்தமே இல்ல அத்தை, பயந்தே போயிட்டேன்!" இடது பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, உன் அத்தான் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். எரிச்சலும் இல்லை. ஆகவே மேலே உள்ள வாதங்களை எல்லாம் அடித்துவிடு. டாக்டர் சொன்னபடி படுக்க இரட்டைக் கட்டில் கட்டாயம் வேண்டும் என்று மட்டும் வாதாடு. அந்தப் பக்கத்து விரிப்பு நன்றாகவே கசங்கியிருந்தது. நான் இழுத்துச் சரிசெய்யவில்லை.