மேசைமேல் வாய்க்கால்

“அதத் தண்ணிக்குள்ள போடாதீங்க தங்கச்சி, நனஞ்சிரும்” என்றார் பணிப்பாளர் பளீல்.

ஸுஹைறா வாய்க்கால் கரையில் குந்தியிருந்தாள். கருவியின் கம்பி பாதி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

“இது தண்ணி அளக்கிற சாமான் சேர்.”

“ஓம், அளக்கட்டும். அளக்கிறத்துக்கு ஏன் நனையணும்?”

படப்பிடிப்பாளர் காத்துக்கொண்டிருந்தார். ஸுஹைறா கம்பியை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தாள். ரிபன் வெட்டப்பட்டது. கைதட்டினார்கள். பணிப்பாளர் கருவியை ஒரு வெல்வெட் தட்டில் வைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஸுஹைறா மருதமுனைக்காரி. கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். நற்பிட்டிமுனைக்கு அப்பால், வாய்க்கால் போய் முடியும் இடத்தில், அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. கார்த்திகை வெள்ளம் முதல் விதைப்பைக் கொண்டுபோனது. கடைக்கு வைத்திருந்த பணத்தையெல்லாம் போட்டு மறுபடி விதைத்தாள். அந்த வேளாண்மை இப்போது குடலைக்கு வந்திருந்தது. கதிர் வெளியே வராமல் பயிரின் வயிற்றுக்குள் இருக்கும் பருவம் அது. அப்போது தண்ணீர் தவறினால் வெட்டுவதற்கு மணியில்லாத சப்பிதான் மிஞ்சும்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசைத் திறந்து மூடுவது வட்டவிதானை றவூபின் பொறுப்பு. அவர் வாய்க்கால் தொடங்கும் தலைப்பை மட்டும் பார்ப்பவர். தலைப்பில் தண்ணீர் நின்றால் உலகமெங்கும் தண்ணீர் நிற்பதாக எடுத்துக்கொள்வார். அதனால்தான் ஸுஹைறா உதிரிகளை வரவழைத்து அந்தக் கருவியைச் செய்தாள். நெருப்புப் பெட்டியளவில் ஒரு மைக்ரோகொன்ட்ரோலர், நகமளவு திரை, கொளுவிக் கழற்றக்கூடிய கம்பிகள், ஒரு சிம், ஒரு பற்றரி, சத்தம் போட ஒரு பஸர். எல்லாம் சேர்த்துக் கைப்பைக்குள் அடங்கிவிடும். அதை வாய்க்காலின் கடைசியில் ஒரு கம்பில் கட்டினாள். தண்ணீர் குறைந்தால் றவூபின் போனுக்கு ‘வறண்டது’ என்று மெசேஜ் போகும். போனது. அவர் துருசைத் திறந்தார். தண்ணீர் வந்தது.

கருவி செய்த ஒரே பிழை அதுதான். வேலை செய்யாமல் இருந்திருந்தால் எந்த அரச நிறுவனமும் அதைத் திரும்பிப் பார்த்திருக்காது.

அந்த வருடம் ஊரில் எல்லாம் ஸ்மார்ட் ஆகிக்கொண்டிருந்தது. ஸ்மார்ட் பேக்கரி வந்தது. ஸ்மார்ட் கோழிக்கடை வந்தது. போர்டைத் தவிர அங்கே கோழி உட்பட எதுவும் மாறவில்லை. நீர் விழிப்பு நவீனமயப் பணிமனையில் மட்டும் ஸ்மார்ட்டாக எதுவும் இல்லை என்ற குறை பளீலுக்கு நெடுநாளாக இருந்தது. அவர் ஸுஹைறாவின் கருவியைப் பணிமனைச் சொத்தாக ஏற்று, ரிபன் வெட்ட நாள் வைத்தார்.

ரிபன் வெட்டிய மறுநாள் இரண்டு அறிவித்தல்கள் வெளியாயின. பொதுச் சொத்தைத் திறந்த வெளியில் வைத்தல் ஆகாது என்பதால், கருவி பணிப்பாளரின் அறையில் பேணப்படும். மனிதக் கண் அங்கீகரிக்கப்பட்ட உபகரணம் அல்ல என்பதால், கருவி அறிவித்தாலன்றித் துருசு திறக்கப்படலாகாது. இரண்டாவது அறிவித்தல் றவூபுக்குப் பிடித்திருந்தது. இனி வெயிலில் அலையத் தேவையில்லை.

அறையில் கருவி ஓயாமல் ‘வறண்டது’ என்றது. மெசேஜ் இப்போது பணிப்பாளரின் போனுக்கும் வந்தது. சத்தம் பொறுக்காமல் அவர் மேசையிலிருந்த ஜக்கிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் வார்த்துக் கம்பியை அதற்குள் விட்டார். கருவி ‘நிறைவு’ என்று காட்டி அமைதியானது. றவூப் துருசை மூடினார். ‘பிரதேசத்தில் வறட்சி முற்றாக ஒழிக்கப்பட்டது’ என்று அன்று மாலையே மேலிடத்துக்கு அறிக்கை போனது.

வாய்க்கால் காய்ந்த பிறகு ஸுஹைறா பணிமனைக்குப் போனாள். பக்கத்து வயல் செல்லத்தங்கமும் கூட வந்தாள்.

“சேர், வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல.”

“கருவி நிறைவு எண்டு சொல்லுதே.”

“அது உங்கட கிளாஸுக்குள்ள இரிக்கி சேர்.”

“கிளாஸுல தண்ணி இரிக்கா, இல்லயா?”

“இரிக்கி.”

“அப்ப அது பொய் சொல்லல்ல. நீங்கதானே செஞ்ச? நீங்களே நம்பாட்டி மறுகா யாரு நம்புற?”

“வாய்க்கால்ல கொண்டு வைப்பம் சேர்.”

“யாரும் எடுத்துட்டுப் போனா?”

“முன்னயும் அங்கதானே இருந்த? ஒருத்தரும் தொடல்ல.”

“அப்ப அது உங்கட சாமான். ஆருக்கு வேணும்? இப்ப அது அரசாங்கத்துட சாமான். ஆக்கள் ஆசப்படுவாங்க.”

வெயிலில் நடந்து வந்த செல்லத்தங்கத்துக்கு இந்தக் கதை நீண்டுகொண்டு போனது. அவள் கம்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கருவி கத்தியது. றவூப் போய்த் துருசைத் திறந்தார். ஜக்கிலும் தண்ணீர் முடிந்திருந்தது. மறுநாள் காலை ஜக்கை நிரப்பும்வரை துருசு திறந்தே கிடந்தது. ஸுஹைறாவின் வயல் முட்ட நனைந்தது.

செய்தி வரம்பு வழியாகப் பரவியது. வாய்க்காலின் கடைசிப் பக்கத்து ஆட்கள் தாகத்தோடு பணிமனைக்கு வரத் தொடங்கினார்கள். மேல் வயல்காரர்கள் வெள்ளத்துக்குத் தப்பியவர்கள்; அவர்களுடைய முதல் விதைப்பே விளைந்து நின்றது. வெட்டு மெஷின் இறங்க அவர்களுக்கு வயல் காய வேண்டும். அவர்கள் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கிளாஸை நிரப்பினார்கள். மக்கள் பங்களிப்பு பெருகுவதைக் கண்ட பணிப்பாளர் மேலும் ஓர் அறிவித்தல் ஒட்டினார்: மேசைத் தண்ணீரைக் கீழே ஊற்றுவது அரச சொத்துக்குச் சேதம் விளைவித்தலாகும்; அருந்துவது விருந்தோம்பலில் அடங்கும்.

இப்படி ஒரு நீர்ப்பங்கீடு நடந்துகொண்டிருந்தபோது பிறை கண்டது. றமழான் நோன்பு தொடங்கியது.

பகலில் கிளாஸைத் தொட ஆளில்லை. கருவி நிறைவாக இருந்தது. ஸுஹைறாவின் வயல் வெடிக்கத் தொடங்கியது.

“அக்கா, நீங்க குடிக்கலாமே” என்றாள் செல்லத்தங்கத்திடம்.

“நோன்பு பிடிச்ச ஆக்களுக்கு முன்னால நான் எப்பிடிப் புள்ள தண்ணி குடிக்கிற?”

“நாங்க அங்கால திரும்பி நிப்பம்.”

“நீங்க திரும்பினாலும் எனக்கு இறங்காது.”

“உங்கட வயலும்தானே காயுது?”

“காயுதுதான். அதுக்கு?”

அந்தக் கிழமையே பணிப்பாளர் ‘வறட்சி ஒழிப்பு வெற்றி மீளாய்வுக் கூட்டம்’ கூட்டினார். மேல் வயலும் கடைசி வயலும் எதிரெதிராக உட்கார்ந்தன. றவூப் கதவோரம் இருந்தார். செல்லத்தங்கம் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பளீல் எழுந்து நின்ற சிறிது நேரத்தில் கரண்ட் போனது. காற்றாடி நின்றது. அவருடைய பேச்சு நிற்கவில்லை. நீர் முகாமைத்துவத்தின் நான்காவது தூணுக்கு வந்தபோது குரல் கட்டியது. ஐந்தாவது தூணில் அவருடைய கை, மற்றப் பதினொரு மாதப் பழக்கத்தில், தானாகக் கிளாஸுக்குப் போனது. கம்பியைப் பக்குவமாக எடுத்து வைத்தார். கதிரையில் அமர்ந்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார். ஒழுங்கு தவறாமல் மூன்று மிடறாகக் குடித்தார்.

மறந்து குடித்தவருக்கு நோன்பு முறியாது. ஆனால் பார்த்தவர் ஞாபகப்படுத்த வேண்டும். செல்லத்தங்கத்தைத் தவிர அறையிலிருந்த எல்லாரும் அதைச் சின்ன வயதிலேயே ஓதிப் படித்தவர்கள்.

ஸுஹைறா அவருடைய முதல் மிடறிலேயே “சே...” என்று தொடங்கினாள். வயல் ஞாபகம் வந்தது. இருமலாக முடித்தாள். கடைசி வயல்காரர்கள் நின்றுபோன காற்றாடியை ஆராய்ந்தார்கள். மேல் வயல்காரர்களுக்கு வாய் திறக்க நியாயம் இருந்தது. ஆனால் உர மானியத்தில் பணிப்பாளர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அவர்களும் காற்றாடியைப் பார்த்தார்கள்.

பளீல் வெறும் கிளாஸுக்குள் கம்பியைத் திரும்ப விட்டார். கருவி கத்தியது. றவூபின் போனும் கத்தியது. அவர் எழுந்து வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

“பாத்தீங்களா, எவ்வளவு விழிப்பு!” என்றார் பணிப்பாளர்.

“மாஷா அல்லாஹ்” என்றார் மேல் வயல்காரர் ஒருவர்.

“நல்ல பேச்சு சேர்” என்றாள் ஸுஹைறா. “ஆறாவது தூணையும் சொல்லுங்க.”

கைதட்டல் எழுந்தது. பளீல் ஆறாவது தூணுக்காகக் கண்ணை மூடித் தொண்டையைச் செருமினார். செல்லத்தங்கம் மேசையிலிருந்த, தண்ணீர் நிரம்பிய ஜக்கை எடுத்துத் தன் கதிரைக்குக் கீழே வைத்து, சேலையை அதன்மேல் இழுத்துவிட்டாள்.