என் வேலைக்கு வந்தவனுக்கு நானே வாத்தியார்

ஒமஹா, நெப்ராஸ்கா
ஏப்ரல் 17

என் பிரியமான லொரைன் அக்காவுக்கு, தம்பி ஹார்லன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. துலூத்தில் நீயும் அத்தானும் வாசல் பனியை வாரி முடித்து, இடுப்பு நிமிர்ந்து நடமாடுவீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வேலை போய்விட்டது. உடனே போன் செய்யாதே. நீ அழுவாய், பிறகு நானும் அழுவேன். முழுக்கப் படி.

பிப்ரவரி முதல் வாரம் எங்கள் மேலாளர் கேண்டஸ், காப்பீட்டு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருக்கும் முப்பத்தொரு பேரையும் கூப்பிட்டு நடுமேஜையில் டோனட் வைத்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் எங்களுக்குத் தண்ணீர்கூட வைத்ததில்லை என்பதால் அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. “இனிமே இந்த வேலையெல்லாம் வெளி கம்பெனி ஒண்ணு பாத்துக்கும். அவங்க ஆளுங்க விசாவுல வர்றாங்க. அறுபது நாள் நீங்க சொல்லிக்குடுத்துட்டா, ஆறு மாசத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு” என்றாள், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதுபோல. ஜூலையில் எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. எழுந்து நின்று கத்தியிருக்கவேண்டிய நான், ஜாம் வைத்த டோனட் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் இடத்துக்கு வந்தவன் பெயர் சுப்ரத் மொகாபாத்ரா. புவனேஸ்வரத்துக்காரன், இருபத்தொன்பது வயது. அவனை முறைப்பதற்காக நான் கண்ணாடி முன்னால் இரண்டு நாள் பழகியிருந்தேன். அவனோ குளிருக்குப் பயந்து கண் மட்டும் தெரியும்படி கம்பளி சுற்றிக்கொண்டு வந்து நின்றான். முறைக்க முகமே கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி முகத்தை வெளியே எடுத்தபிறகு, “நீங்கதான் எனக்குச் சொல்லித்தரப் போறீங்களாம் சார். உங்களுக்குப் பதவி உயர்வாமே, எந்த ஊருக்கு மாத்தல்?” என்றான்.

“வீட்டுக்கு” என்றேன்.

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. “சத்தியமா எனக்குத் தெரியாது சார்...” அன்று மதியம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆனாலும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை அக்கா. பாலிசிகளைப் புதுப்பிக்க நான் தொண்ணூற்றெட்டில் எழுதிய புரோகிராமை மாதக் கடைசியில் எப்படி ஓட்டுவது என்று மறுநாள் கேட்டான். “முதல்ல மெஷின் ரூம் கதவு முன்னால நின்னு மூணு தடவ தட்டாமாலை சுத்தணும்” என்றேன். “எந்தப் பக்கமா சார்?” என்று கேட்டு, வலப்பக்கம் என்று நோட்டில் எழுதிக்கொண்டான். அந்த வாரமே என் முழங்காலைப் பார்த்துவிட்டு என் காரின் பனியையெல்லாம் அவனே சுரண்டிப்போட்டதில் என் கோபம் போய்விட்டது. தட்டாமாலையைத் திருத்தத்தான் மறந்துவிட்டேன்.

அவன் எழுதிய நூற்றுநாற்பது பக்கச் செயல்முறைக் கையேட்டில் கேண்டஸ் படிக்காமலே கையெழுத்திட்டாள். பிப்ரவரி கடைசியில், புதிதாக வந்த ஒன்பது பேரையும் கதவு முன்னால் நிறுத்திச் சுற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலைமை அலுவலகத்துத் துணைத் தலைவர் அப்போது பார்த்து உள்ளே வந்தார். “என்ன நடக்குது இங்க?” “செயல்முறை சார், நாப்பத்தோராம் பக்கம்” என்றாள் கேண்டஸ். பெரியவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் தானும் சுற்றினார். என் கெட்ட நேரம், அந்த மாதம் புரோகிராம் வெண்ணெய்போல் ஓடியது. இப்போது நான்கு மாநில அலுவலகங்களில் சுற்றுகிறார்கள். சுப்ரத்திடம் உண்மையைச் சொன்னேன். “பொய்யா சார்? நான் வீட்லயும் பழகிட்டிருந்தேனே!” என்று அதிர்ந்தான்.

போன செவ்வாய்க்கிழமை கேண்டஸ் மறுபடி டோனட் வைத்தாள். இந்த முறை சுப்ரத்தின் ஆட்களுக்கு. மொத்த வேலையும் புவனேஸ்வரத்துக்கே போகிறதாம். “என்னை ஊர்லேருந்து இங்க கொண்டுவந்துட்டு, வேலைய என் ஊருக்கு அனுப்பிட்டாங்க சார். அறுபது நாள்ல வேற கம்பெனி கிடைக்கலன்னா நான் கிளம்பணும்” என்றான். இருவரும் என் காரில் உட்கார்ந்து டோனட் பெட்டியைக் காலி செய்தோம். நான் இருபத்தாறு வருடம், அவன் ஒன்பது வாரம். சாமான் கட்ட இருவருக்கும் ஒரே அளவு அட்டைப்பெட்டிதான் கொடுத்தார்கள்.

ஆகவே வீட்டை விற்றுவிட்டு மே மாதம் அங்கே வருகிறேன். கீழ்த்தள அறையைக் காலி செய்து வை. இனி அந்த நிறுவனத்துக்காக ஒரு பொத்தானைக்கூட அழுத்தமாட்டேன். இது நம் அம்மா மேல் ஆணை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் கூரையையும் முதுகெலும்பையும் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஹார்லன் டுவோராக்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து பத்து நாள் ஆகிவிட்டது. அதற்குள் புவனேஸ்வரத்தில் புரோகிராம் படுத்துவிட்டது. “ஆறு மாசம் அங்க போய்ப் பாத்துக்குடுங்க ஹார்லன், முழங்காலையும் அங்கயே பாத்துக்கலாம்” என்றாள் கேண்டஸ். அவள் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன், அம்மா மன்னிப்பாள். கீழ்த்தளத்தைக் காலி செய்யாதே, வீட்டையும் விற்கவில்லை. சுப்ரத்துக்கு இங்கேயே வேறு வேலை கிடைத்துவிட்டதால், பூனையோடு சேர்த்து அவனுக்கே வாடகைக்கு விட்டுவிட்டேன். இந்திய விசா படிவத்தில்தான் ஒரு சிக்கல். “இந்த வேலைக்கு எங்கள் நாட்டிலேயே தகுந்த ஆள் இல்லையா?” என்று கேட்டிருக்கிறார்கள். பொய் எழுதக்கூடாதாம். “ஒருவர் இருக்கிறார். ஒமஹாவில் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து இந்தப் படிவத்தை எனக்காக நிரப்பிக்கொண்டிருக்கிறார்” என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.