இலை முத்திரைத் துண்டு

எங்கள் துண்டுத் தொழிற்சாலையின் முதலாளி ஒரு மாநாட்டுக்குச் சாதாரண முதலாளியாகப் போய், தொலைநோக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். வந்ததும் வாசல் மரத்தை வெட்டி, அந்த இடத்தில் ‘பசுமையே நம் மூச்சு’ என்று பச்சை விளக்குப் பலகை வைத்தார்.

பாய்லர் மேற்பார்வையாளருக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். புகைபோக்கியின் வடிகட்டி கிழிந்து கிடந்தது. மதில் சுவரை ஒட்டி அவர் வீடு. மகள் இருமி இருமித் துரும்பாகிவிட்டாள்.

“ஐயா, வடிகட்டியை மாத்தணும்.”

“வடிகட்டியை யார் வேணும்னாலும் மாத்தலாம்யா. மனச மாத்தணும்! முதல்ல எல்லாரும் கத்துக்கணும்.”

எல்லாரும் என்றால் எல்லாரும். பாய்லரை அணைத்துவிட்டு, வாட்ச்மேன் வரை அத்தனை பேரும் வகுப்பில் உட்கார்ந்தோம். ஏசி குளிரில் பல் கிட்டிக்க மின்சாரச் சிக்கனம் கற்றோம். ஆழமாக மூச்சு இழுக்கச் சொன்ன பயிற்சியாளர், ஜன்னலை மட்டும் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று பார்த்து மாசுத் துறை அதிகாரி கருவியோடு வந்தார்.

“புகையே இல்லையே! என்ன செஞ்சீங்க?”

“கத்துக்கிட்டோம்” என்றார் முதலாளி, மிகுந்த தன்னடக்கத்துடன்.

மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. “சார், பாய்லர் ஓடல. ஆளுங்க எல்லாம் வகுப்புல இருக்காங்க.”

“அதைத்தானே நானும் சொல்றேன்? வகுப்பு நடந்தா புகை இல்ல. நிரூபணம் ஆயிடுச்சு!” என்றார் முதலாளி.

இனி வகுப்பு நாளில் மட்டுமே சோதனை என்று உத்தரவானது. விருது வந்தது. துண்டில் பச்சை இலை முத்திரை விழுந்தது, விலையும் ஏறியது. முணுமுணுத்துக்கொண்டே இருந்த மேற்பார்வையாளரைப் பசுமைக் கண்டுபிடிப்புத் துறைத் தலைவராக்கி, ஏசி அறை கொடுத்தார்கள். முணுமுணுப்பு நின்றது. எங்களுக்கும் சம்பளம் கூடியது, நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். வெட்கமாகத்தான் இருந்தது, சம்பள நாள் வரைக்கும்.

ஆர்டர் குவிந்தது. பாய்லர் இரவு பகலாக எரிந்தது. ஊரெல்லாம் கரி. ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள எங்கள் இலை முத்திரைத் துண்டையே வாங்கினார்கள், பசுமையான துண்டாயிற்றே! அதனால் ஆர்டர் இன்னும் குவிந்தது.

ஒருநாள், துறைத் தலைவராகிவிட்ட மேற்பார்வையாளரின் மனைவி மகளோடு அவர் அறைக்கே வந்துவிட்டாள். குழந்தையின் முகத்தைச் சுற்றியிருந்த துண்டு நழுவி நழுவி விழுந்தது.

“ஏங்க, அந்த வடிகட்டி என்னாச்சு? புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல.”

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

“விவரம் புரியாமப் பேசாத. புகை நின்னுட்டா துண்டை யார் வாங்குவா?”

குழந்தை இருமினாள். துண்டு மறுபடி விழுந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியது போலிருந்தது. பிறகு போனை எடுத்து முதலாளியை அழைத்தார்.

“ஐயா, ஒரு யோசனை. சின்னப் பிள்ளைங்க அளவுல போட்டா என்ன?”

அந்த ஆண்டின் சிறந்த பசுமைக் கண்டுபிடிப்பு அதுதான். விருது விழாவில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். மூக்கிலிருந்த துண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை.