வெல்லம் வென்ற தேர்தல்

ஏழு குன்றுகளுக்கு நடுவே, ஒரே ஓர் ஏரியின் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தது செவ்விமங்கலம் என்னும் நாடு. அதை ஆண்ட மன்னர் செவியழகருக்கு மிக மென்மையான காது. ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்களைக் கேட்டால் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

ஆகவே ஒரு நாள், "ஒரு நாட்டுக்கு ஒரு மன்னர், ஓர் ஒலிக்கு ஒரு பொருள்" என்று முரசறைந்தார்கள்; ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களில் இனி ஒன்றே மிஞ்சலாம். அவையில் அகராதிக்காரர் அம்பலவர் மட்டும் எழுந்தார்.

"அரசே, இச்சொற்கள் வெவ்வேறு வேரில் பிறந்தவை. முகச்சாயல் இருப்பதாலேயே ஒன்றாகிவிடுமா?"

சொல்லமைச்சர் நாவரசு புன்னகைத்தார். "வெவ்வேறு வேரா? அப்படியானால் இரண்டில் ஒன்று வந்தேறி. எது என்பதைக் குடிமக்கள் தீர்மானிக்கட்டும். நாம் என்ன சர்வாதிகாரிகளா?"

தேர்தல் தொடங்கியது. புலியும் புளியும் மோதின; அடுப்படியின் ஆதரவால் புளி வென்றது. தோற்ற சொல்லை உச்சரிப்பது குற்றமாயிற்று. அதன்பின் மலையடிவாரத்து ஆடுகளைப் புலி அடித்தபோதெல்லாம், அவை தாமாகவே காணாமற்போனதாகப் பதிவேட்டில் எழுதினார்கள். அடுத்து அரமும் அறமும். அங்கே வாக்களிப்பே தேவைப்படவில்லை. அரத்துக்குக் கொல்லர்கள் இருந்தார்கள். அறத்தை முன்மொழிய ஓர் ஆள்கூட வரவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவதாக வெல்லமும் வெள்ளமும் நின்றன. வாக்களிப்புக்கு முதல் நாள் வீட்டுக்கு ஓர் உருண்டை வெல்லம் வந்து சேர்ந்தது.

ஏரிக்கரைக் காவல்காரி செம்பாயியும் வாங்கிக்கொண்டாள். பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் மகள் பூவாத்தாள் மாசமாக இருந்தாள். வாய்க்கு இனிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றே கொண்டுபோய்க் கொடுத்தாள் செம்பாயி. "நல்ல நேரத்துல குடுத்தாங்கம்மா" என்று மகள் சப்புக்கொட்டித் தின்றாள். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் வெல்லத்துக்கே வாக்களித்தாள் தாய். வெல்லமே வென்றது; வெள்ளம் சொல்லக்கூடாத சொல்லாயிற்று.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஏரி கரையின் விளிம்பைத் தொட்டது. அந்த நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கரை உடையும் நிலை வந்தால் காவல்காரி 'வெள்ளம்' என்று மூன்று முறை கூவ வேண்டும். முதல் குன்றின் காவலாளி அதைக் கேட்டு அடுத்த குன்றுக்குக் கூவுவான். அப்படியே ஏழு குன்றும் கடந்து அந்தக் குரல் பள்ளத்தூரையும் அரண்மனையையும் எட்டும்.

செம்பாயி கரை அதிகாரியிடம் ஓடினாள். "ஐயா, கரை தாங்காதுங்க. எம் பொண்ணு பள்ளத்தூர்ல நெறமாசமா இருக்கா. கூவட்டுங்களா?"

"எதைக் கூவுவாய்? அச்சொல் இப்போது நடைமுறையில் இல்லை. மாற்றுச்சொல் உயர்மட்டக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை அமைதி காக்கவும்."

"அதுவரைக்கும் தண்ணி நிக்குமாங்க?"

அதிகாரி விதிநூலைப் புரட்டத் தொடங்கினார். செம்பாயி கரைமேல் ஏறித் தொண்டை கிழிய மூன்று முறை கூவினாள். முதல் குன்றில் நின்ற மருதையனுக்கு அது தெளிவாகவே கேட்டது. அவன் சட்டத்துக்குப் பயந்தவன். இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

நண்பகலில் கரை உடைந்தது. பள்ளத்தூரில் எவரும் மிஞ்சவில்லை. அரண்மனை மேட்டில் இருந்ததால் மன்னரின் பாதம் மட்டும் நனைந்தது.

நீர் வடிந்தபின் அமைச்சரே நேரில் வந்து பதிவேட்டைத் திறந்தார்.

"உன் மகளுக்கு என்ன நேர்ந்தது?"

செம்பாயி சொன்னாள். அமைச்சர் உருக்கமாகத் தலையசைத்து, 'தாமாகவே காணாமற்போனார்' என்று எழுதினார். பிறகு நிவாரணமாக ஓர் உருண்டை வெல்லத்தை அவள் கையில் வைத்தார்.

 "இதுக்குத்தான் எம் புள்ளைய வாரிக் குடுத்தேன்" என்று சொல்லி அவள் அதைச் சேற்றில் எறிந்தாள். உடைந்த கரைமேல் ஏறி மறுபடியும் மூன்று முறை கூவினாள்.

மருதையன் இம்முறை வாயைப் பொத்தவில்லை. அவன் குரலை இரண்டாம் குன்று வாங்கியது. இரண்டாவதன் குரலை மூன்றாவது வாங்கியது. கேட்டவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் குன்றுகளிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள்.

அன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஏரியில் சொட்டுத் தண்ணீரும் இல்லை. ஆனாலும் அரண்மனைக் கதவுகளை அடைக்கும்படி மன்னர் கட்டளையிட்டார்.