பத்து மணி பஸ்ஸுக்குப் பிறகு

குடையைப் பிடித்தால் களை பிடுங்க முடியவில்லை. களை பிடுங்கினால் குடையைப் பிடிக்க முடியவில்லை. இளையதம்பி அரைமணி நேரமாக வரம்பில் நின்று யோசித்தார்.

"முதுகோட சேர்த்துக் கட்டுங்கோவன்," என்றாள் மனைவி பத்மாசனி. அவள் சேற்றில் குனிந்து நின்றாள்.

அது நல்ல யோசனையாகப் பட்டது. சால்வையால் குடைக்காம்பை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டாவளைப் பக்கம் காடு வெட்டிக் காணியாக்கிய பத்து வருடங்களில் இளையதம்பி வெயிலை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. போன கிழமைதான் டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி அவருடைய பிடரியைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வெயில் குடிச்ச தோல் அண்ணை. தடிச்சு, புள்ளி விழுந்து கிடக்குது. இனிப் பத்து மணியிலயிருந்து மூண்டு மணி வரைக்கும் வெளியில நில்லாதையுங்கோ. மற்ற நேரமும் உடம்பை மூடுங்கோ."

மருந்து தந்திருந்தால் இளையதம்பி இவ்வளவு பயந்திருக்க மாட்டார். மருந்தில்லாத நோய் என்றதும் அவருக்கு நித்திரை போய்விட்டது. வீட்டில் மணிக்கூடு இல்லை. றோட்டால் பத்து மணி பஸ் போனதும் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவார்.

இப்போது பஸ்ஸுக்கு முன் சோளகக் காற்று வந்தது. குடை மேல்பக்கமாக விரிந்து, சால்வையை அறுத்துக்கொண்டு பறந்து, பக்கத்து வயல்காரர் சின்னராசாவின் எருமைகளுக்கு நடுவில் விழுந்தது. ஏழு எருமைகளும் இளையதம்பியின் வயலைக் குறுக்கறுத்து ஓடின. வரம்பு மூன்று இடத்தில் உடைந்தது. தண்ணீர் சளசளவென்று சின்னராசாவின் வயலுக்குப் போனது.

இளையதம்பி மண்வெட்டியை எடுத்தார். றோட்டில் பஸ் இரைந்தது.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ," என்றாள் பத்மாசனி. "வரம்பை நான் கட்டுறன்."

அவள் கட்டி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது.

குடை சரிவராது என்று, அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக வேலை பார்த்த மைத்துனரிடம், அதிகாரிமார் போடும் பழைய சோலார் தொப்பியொன்றை வாங்கி வந்தார். கழுத்துவரை மறைக்கும் பெரிய தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு காலையில் வாய்க்கால் கரையால் நடந்தார்.

தூரத்தில் தொப்பியைக் கண்டவர்கள் தண்ணீர்ப் பகுதி ஐயா வருகிறார் என்று நினைத்தார்கள். களவாய்த் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த இரண்டு பேர் பதறிப்போய், கண்ட மதகையெல்லாம் அடைத்துவிட்டு ஓடினார்கள். அடைபட்டதில் இளையதம்பியின் மதகும் ஒன்று. மூன்றாம் நாள் வயல் காய்ந்து வெடித்தது.

"தொப்பியோட போய் மதகைத் திறந்தால் இன்னும் பிழையாய் நினைப்பினம்," என்றார் இளையதம்பி.

"தொப்பியில்லாமல் போங்கோவன்."

"பிடரி?"

பத்மாசனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். இரண்டு மைல் நடந்து தண்ணீர்ப் பகுதிக் கந்தோருக்குப் போய், உச்சி வெயிலில் வாசலில் காத்து நின்று, ஆளைக் கூட்டிவந்து மதகைத் திறப்பித்தாள்.

கடைசியில் சின்னராசா ஒரு வழி சொன்னார்.

"தேசிக்காய்ப் புளியைப் பூசிப்பார் இளையதம்பி. வெயில் ஒட்டாது."

இளையதம்பி பிடரிக்கு முன், பரீட்சையாக இரண்டு கைகளிலும் எட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பூசிக்கொண்டு காலை வெயிலில் நின்றார். மறுநாள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. நீர் வடிந்தது. படுத்தவர் இருபது நாள் எழும்பவில்லை.

அந்த இருபது நாளும் களை பிடுங்கியது, தண்ணீர் கட்டியது, பன்றி கலைத்தது எல்லாம் பத்மாசனி. மத்தியானம் வந்து அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, "எரியுதோ?" என்று கேட்டு, கைக்கு விசிறிவிட்டுத் திரும்பவும் வயலுக்குப் போவாள்.

இருபத்தோராம் நாள் இருவரும் டிஸ்பென்சரிக்குப் போனார்கள்.

"தேசிக்காய்ப் புளியோட வெயில் பட்டால் தோல் வெந்துபோகும்!" என்று அப்போதிக்கரி ஏசினார். "ஆர் உங்களுக்கு இந்த வைத்தியம் சொன்னது?"

"அது போகட்டும் ஐயா. பிடரி எப்பிடி?"

அப்போதிக்கரி பிடரியைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாய்த் தேறியிருக்குது. நிழல்தான் மருந்து. வெயிலில எரிஞ்சது ஆறின மாதிரித் தெரியும் அண்ணை, ஆனால் தோல் எல்லாத்தையும் சேர்த்து வைச்சிருக்கும். வருசக்கணக்காய்ச் சேர்ந்து, ஒரு புண் வந்து ஆறாமல் நிண்டால்தான் பயப்பட வேணும். யாழ்ப்பாணத்துக்குப் பெரியாசுபத்திரிக்கு அனுப்ப வேணும். உங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

இளையதம்பிக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு மூச்சு வந்தது.

"கேட்டனியே பத்மா! ஒண்டும் இல்லையாம்!"

வாசலில் நின்ற பத்மாசனி வாயைப் பொத்தியிருந்த சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, அவரைப் பார்த்து மனம் நிறையச் சிரித்தாள்.

இளையதம்பியின் கைக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த நர்ஸ், மிஸ்ஸி இலட்சுமி, நிமிர்ந்து அவளுடைய உதட்டைப் பார்த்தாள். சுற்றிய துணியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"அக்கா, உங்கட கீழ்ச்சொண்டில இருக்கிற அந்தப் புண் எத்தினை மாதமாய் ஆறாமல் கிடக்குது?"