ஹேண்டில்பாருக்குள் போன கல்யாண ஓலை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு மோட்டார் என்றால் பயம். மோட்டார் மட்டுமா? இடி, ஆட்டுக்கடா, வெள்ளைக்காரர் வீட்டு நாய், பதில் வராத கடிதம், பதில் வந்த கடிதம் எல்லாவற்றுக்கும் பயம்தான். ஆனால் மற்றவை அதது இருக்கிற இடத்தில் இருக்கும். மோட்டார்தான் ஆளைத் தேடிக்கொண்டு வரும். அந்த முப்பதுகளில் புதுச்சேரியில் மோட்டார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். (அத்தனை பேரும் என் மேல் ஏற்றுவதற்காகவே அதைக் கப்பலில் வரவழைத்தார்கள் என்பது என் திடமான நம்பிக்கை.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சுக்காரன் பாணியில் 'அதியே' சொல்லி விடைபெற்றுப் பஞ்சாலையில் சேர்ந்தவன். ஆற்றங்கரை ஊரான மணற்பாக்கத்தில் மதலேன் என்ற பெண்ணை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் 'ஓலை' வாசிக்க வேண்டும். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். மாப்பிள்ளை ஊரிலும் வாசிக்க வேண்டும், பெண் ஊரிலும் வாசிக்க வேண்டும்.

விபூதிப் புதனுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறுதான் பாக்கி இருந்தது. புதன் வந்துவிட்டால் தவசு காலம். பிறகு பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாள் கழிகிறவரை கல்யாணம் கிடையாது. பாஸ்காவுக்கோ, மதலேனை ஏற்கெனவே பெண் கேட்டிருந்த, சைகோனில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை கப்பலில் வந்து இறங்குகிறான். என் மாமனார் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "புதனுக்கு முன்னால முடிஞ்சா நீங்க. முடியலன்னா சைகோன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

ஓலையை வழக்கமாகக் கோவில் உபதேசியார் கொண்டுபோவார். அவர் மறந்துவிட்டால்? வழியில் மயங்கி விழுந்தால்? சைகோன்காரனுக்குத் தூரத்து உறவாக இருந்துவிட்டால்? நானே கொண்டுபோகிறேன் என்று எங்கள் ஊர்ச் சாமியாரிடம் பிடிவாதம் பிடித்து வாங்கிவந்தேன்.

ஆலையில் என்னோடு வேலை செய்த மிக்கேல் தன் சைக்கிளைக் கொடுத்தான்.

"வில்லியனூர் ரோட்டப் புடிச்சி நேரா போடா சூசை. பூசைக்கு அர மணி முன்னாலயே போய் நிப்ப."

"அந்த ரோட்டுல மோட்டார் வருமே?"

"ஞாயித்துக்கெழம காலைல எந்த மோட்டார்டா வருது?"

"வந்தா?"

மிக்கேல் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப ஆத்தங்கர மேலயே போ. சரளக்கல்லு கொட்டி வெச்சிருக்கான். மோட்டார் இன்னா, மாட்டு வண்டிகூட வராது. நீயும் நண்டும்தான்."

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கோ அது பரலோகத்திலிருந்து வந்த வாக்காகக் கேட்டது.

பையில் பம்ப், இரண்டு ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், குடை, மாற்றுச் சட்டை, இரண்டு செபமாலை (ஒன்று அறுந்துவிட்டால்?) எல்லாம் எடுத்துக்கொண்டேன். ஓலையை எங்கே வைப்பது? சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் நனையும். பையில் வைத்தால் எவனாவது பிடுங்கிக்கொள்வான். யோசித்து யோசித்து, ஹேண்டில்பாரின் வலப்பக்க ரப்பரைக் கழற்றி, ஓலையைச் சுருட்டிக் குழாய்க்குள் செருகி, ரப்பரைத் திரும்ப மாட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்ட கடைசி நாள் அது.

கரை மேல் ஏறியதும் சங்கராபரணி ஒரு பக்கம், கரும்புத் தோட்டம் ஒரு பக்கம். மாசி மாதக் காலை அழகாக இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. எதிரே யாராவது வந்துவிடுவார்களோ என்று கொக்குக்கும் பனைமரத்துக்கும் மணி அடித்துக்கொண்டே போனேன். சரளையில் வண்டி குதித்த குதிப்பில் பல்லெல்லாம் கடகடத்தது. செம்மண் புழுதி தலைமுதல் கால்வரை அப்பியது.

அந்தக் காலத்து எல்லையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பிரெஞ்சு மண் ஒரே துண்டாக இல்லை. நாலு ஊர் பிரெஞ்சுக்காரனுக்கு, நடுவில் இரண்டு ஊர் இங்கிலீஷ்காரனுக்கு, மறுபடியும் நமக்கு. பெரிய ரோட்டில் போனால் இங்கிலீஷ்காரனின் சுங்கச் சாவடி இருக்கும். பையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். ஆற்றங்கரையில் சாவடி கிடையாது. ஆகவே அந்தப் பாதையில் யார் போவார்கள்? சரக்குக் கடத்துகிறவர்கள் போவார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, மோட்டாரைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த என் மண்டையில் மட்டும் ஏறவில்லை.

தாழம்புதரிலிருந்து ஒரு சுங்கச் சேவகர் எழுந்தார்.

"நில்லுய்யா! பெரிய ரோட்ட உட்டுட்டு இப்படி இன்னாத்துக்கு வர்ற?"

"மோட்டாருக்குப் பயந்துக்கினுங்க."

அவர் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பையைக் கொட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "சரி, போ" என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார். (திறந்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.) அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"ஹேண்டில்பாருக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க."

அவர் வாய் மூடியது. கண் விரிந்தது.

ரப்பரைப் பிடுங்கினார். சரளை குலுக்கிய குலுக்கலில் ஓலை உள்ளே போயிருந்தது. அவர் விரலை விட்டுத் துழாவி இன்னும் உள்ளே தள்ளினார். "சரிகையா?" என்றார். "ஓலைங்க" என்றேன். "ஓலைய எவன்யா கொழாய்க்குள்ள வெப்பான்?" என்றார். நியாயமான கேள்வி. நான் கொண்டுவந்த ஸ்பேனராலேயே ஹேண்டில்பாரைக் கழற்றி, தலைகீழாகத் தட்டி, சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"காயிதம்தான்யா இருக்குது!" அவர் குரலில் அவ்வளவு ஏமாற்றம்.

மறுபடி மாட்டலாம் என்றால் மரையாணி சரளைக்குள் எங்கோ போய்விட்டது. ஒரு மைல் தள்ளி மணற்பாக்கம் கோவிலில் இரண்டாம் மணி அடித்தது.

"வண்டிய நான் பாத்துக்கறேன், ஓடுய்யா" என்றார் சேவகர். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். பிரேக் கம்பிகள் நண்டுக்கால்போல் தொங்கி ஆடின. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, "யோவ், மிச்ச வண்டி பின்னால வருதா?" என்று கேட்டார்.

கோவிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. மணற்பாக்கத்துப் பங்குச் சாமியார் பிரான்சிலிருந்து வந்த கிழவர். நரகத்தைப் பற்றி வெகு விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்களில் பாதி தூக்கம். பிரசங்கம் முடிந்ததும் ஓலை வாசிப்பார். அதற்குள் நான் பீடத்துக்குப் போயாக வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். வழிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து பழகிப்போன கட்டைவிரல் தானாகவே வேலை செய்தது.

டிரிங்!

பூசையில் பீடத்து மணி அடித்தால் முழந்தாளிட வேண்டும். சிறுபிள்ளையிலிருந்து எங்கள் ரத்தத்தில் ஊறியது. தூங்கியவர், விழித்திருந்தவர், வாசலில் நின்றவர் எல்லாரும் தடதடவென்று முழந்தாளிட்டார்கள். நின்றது இரண்டே பேர். அங்கே, நரகத்தின் நடுவில் நிறுத்திய சாமியார். இங்கே, உடம்பெல்லாம் சிவந்து, கையில் இரண்டு கொம்போடு நான்.

"நீர் யார்?" என்றார் சாமியார். சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளைங்க சாமி."

"ஓலை எங்கே?"

"கொம்புக்குள்ளங்க."

சாமியார் குழாய்க்குள் பார்த்தார். ஊதினார். "காணாத ஓலையை நான் வாசிப்பது எப்படி?" என்றார். முன் வரிசையில் மாமனார் முகத்தில் சைகோன் கப்பல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டோடு ஒருத்தி எழுந்து வந்தாள். மதலேன். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். "குடுங்க இப்படி" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். குழாயைத் தொடையில் சாய்த்து, ஊசியை விட்டுக் குத்தி, நத்தையை எடுப்பதுபோல் இழுத்தாள். பாதி ஓலை வந்தது. மறுபாதி வரவே இல்லை.

வந்த பாதியைச் சாமியார் வாசித்தார். மணற்பாக்கம் ஞானப்பிரகாசத்தின் மகள் மதலேன் என்றார். நிறுத்தினார். "மணமகன் பெயர் இல்லையே?"

"இவருதான் சாமி. கொம்போட நிக்கிறாரே" என்றாள் மதலேன்.

சாமியார் பெருமூச்சு விட்டு, என் பெயரை என்னிடமே கேட்டு அறிவித்தார். தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது:

"புத்தி இல்லாதது தடையில சேருமா சாமி?"

சேராது என்று சாமியார் தீர்ப்புச் சொன்னார். விபூதிப் புதனுக்கு முந்தின நாள் எங்கள் கல்யாணம் நடந்தது. கல்யாண வண்டி பெரிய ரோட்டில்தான் வந்தது. எதிரே ஒரு மோட்டார்கூட வரவில்லை. மிக்கேல் கடைசிவரை அந்தக் குழாயைச் சுத்தம் செய்யவே இல்லை. "உன் பேரப் புடிச்சிக்கினுதான்டா நான் வேலைக்குப் போறேன்" என்பான்.

இதெல்லாம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எனக்கென்று ஒரு சைக்கிள் இருக்கிறது. சாயங்காலம் வாசலில் வந்து இறங்கி மணி அடிப்பேன். உள்ளே மூன்று பிள்ளைகளும் மருமகனும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு முழந்தாளிடுகிறார்கள். மதலேன் மட்டும் முழந்தாளிடுவதில்லை. கொண்டையில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "இன்னிக்கி இன்னா மாட்டிக்கிச்சி?" என்று கேட்கிறாள்.